பதிவேடும் பாடமும்: போரால் சிதறிய உறவினரைத் தேடும் நெறி

போரினால் ஊர்பெயர்ந்து உறவிழந்தோரை ஆவணங்களின் வாயிலாகத் தேடும் முயற்சி வரலாற்றாசிரியர்க்கும் அரசு அலுவலர்க்கும் உரியது என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. தமிழ்த் துறையினர் அப்பொருளைத் தொடுவது நாவல்களைப் பற்றிப் பேச நேரும்போதுதான். அப்போதும், ‘இந்நாவல் ஆவணத் தன்மை வாய்ந்தது’ என்று பாராட்டி அமைந்துவிடுகின்றனர். இப்பாராட்டு நாவலின் இயல்பையும் உணர்த்துவதன்று. ஆவணத்தின் இயல்பையும் உணர்த்துவதன்று. பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர் ஒரு பாடம். எழுதுவோரால் சிதைந்தும் திரிந்தும் நம் கைக்கு வந்து சேர்ந்த பாடம். அதனைப் படித்து அறுதியிடும் பயிற்சி, ஏடு பார்த்துப் பதிப்பித்த மரபில் வந்த நமக்கே மிகுதியும் உண்டு. நாவல்கள் அப்பாடத்துக்கு உரை போல அமைவன, மூலம் ஆகா. இதுவே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

முதலில் செய்தியைச் சுருங்கக் காண்போம். 1941 டிசம்பர் 23-இல் இரங்கூன் மீது குண்டு வீசப்பட்டது. அதனைத் தொடர்ந்து பர்மாவிலிருந்து நான்கு, ஐந்து இலட்சம் இந்தியர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர் என மதிப்பிடுவர். கப்பலில் இடம் பெறாதவர் அரக்கான் கணவாய் வழியாகவும், தமு வழியாக மணிப்புரிக்கும் நடந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலேயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே இருந்த கடிதப் போக்கு அறுந்தது. அவ்வாண்டின் இடைப்பகுதியில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையை ஜப்பானியர் தொடங்கினர். 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்தன. அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேற்பட்டவர். அவருள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் மட்டும் 75,000 அளவினர் என்பர். இவருட் பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு.

‘மதிப்பீடு’ என்னும் இச்சொல்லை நோக்குக. கைதிகளின் சாவு கணக்கு. தொழிலாளரின் சாவு மதிப்பீடு. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை போர்க் கைதிகளைப் பற்றியது. ஜப்பான் அதில் கையொப்பமிட்டதாயினும் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும் கைதிகளுக்குச் சீட்டு எழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டது. அச்சீட்டுகளுள் 50,000-க்கு மேற்பட்டவை இன்று இலண்டனை அடுத்த கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் கைதியின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், தொழில், செய்தி தெரிவிக்க வேண்டிய உறவினரின் முகவரி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. போரில் மாண்ட இந்தியப் படைவீரர்க்கும் இத்தகைய பதிவு வாய்த்தது. சிங்கப்பூர்க் கிராஞ்சியில் உள்ள நினைவகத்தில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்களும், பர்மாவின் தாவுக்கியானில் உள்ள இரங்கூன் நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் பேரேடுகளில் இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், இன்ன ஊரார் என்ற குறிப்பும் பலர்க்கு உண்டு. தோட்டத் தொழிலாளர் படைவீரர் அல்லர். ஆதலின் அவர்க்குச் சீட்டும் இல்லை, கல்லறையும் இல்லை. குடிமக்களைப் பற்றிய செய்தியையும் திரட்டி அறிவிக்க வேண்டும் என்னும் கடமை 1949-ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில்தான் விரிவாக விதிக்கப்பட்டது. அதற்கு ஆறாண்டுகள் முன்பே சயாமில் பாதை முடிந்துவிட்டது.

ஆவணங்கள் இவ்வாறு ஒருசாராரை விட்டுவிடுவது அயலார் ஆட்சிக்கே உரிய குற்றம் என்று எண்ணற்க. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடித் தொகுத்தார், அ. கா. பெருமாள் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் நாயக்கர் படையெடுப்பால் நாஞ்சில் நாடு பட்ட துன்பம் அவ்வோலைகளிலிருந்து தெரியவருகின்றது. ஆயினும் அது தெரியவருவது பயிரேறாத நிலத்துக்கு வரி தள்ளும் செய்தியாகவே. எவ்வயல் தரிசாயிற்று என்பதை ஓலை சொல்லும். அவ்வயலை உழுதவன் எங்கு ஓடினான் என்பதைச் சொல்லாது. பதிவேடு எழுதுவோன் தனக்கு வேண்டியதையே எழுதுகின்றான். மலேயாத் தோட்டத்துக் கிராணியும் அவ்வாறே. காலைப் பெரட்டில் ஆள் எண்ணி அவன் எழுதிய செக்ரோல் என்னும் நாட்சம்பளப் பதிவேடு கூலி கணக்கிடுவதற்காக எழுந்தது. உறவைக் காப்பதற்காக அன்று. எனினும் சயாமுக்குப் போன தொழிலாளியைப் பற்றி ஏதேனும் எழுத்துச் சான்று எஞ்சுமாயின், அது பெரும்பாலும் இத்தகைய கணக்கேட்டில்தான் எஞ்சும். எனவே அதனைப் படிக்கும் முறையை அறிதல் வேண்டும்.

ஏடு பார்த்தவர்க்கு இங்கு எதிர்ப்படும் இடர்கள் புதியன அல்ல. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் நெடில் வேறுபாடு தெளிவாக இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர்ப் பட்டியலும் அத்தகையதே. அங்கே றகர ரகரம் ஒன்று; ளகர லகரம் ஒன்று; குறிலும் நெடிலும் ஒன்று. அப்பெயரே ஜப்பானிய அசையெழுத்தில் ஏறுமாயின் இன்னும் ஒரு படி திரியும். அம்மொழியில் லகர ரகர வேறுபாடு இல்லை. வகரம் பெரும்பாலும் பகரமாகும். ‘வேலன்’ என்று கிராணி வாசிக்க, எழுதுவோன் ‘பேரன்’ என்று பிற்காலத்தார் படிக்குமாறு எழுதிவிடுதல் கூடும். இதனைத் திருத்த அகராதி போதாது; இரு மொழிகளின் ஒலியியலும் வேண்டும்.

பெயரொற்றுமை மற்றோர் இடர். இதிலும் நமக்குப் பழக்கம் உண்டு. ஔவையார் ஒருவரா பலரா, நக்கீரர் ஒருவரா பலரா என்னும் வினாக்களுக்கு விடை காண நம் அறிஞர் கையாண்ட முறை யாது? பெயரை மட்டும் கொண்டு ஒருமை கூறாமல், ஊர், தந்தை பெயர், பாடப்பட்டோன், காலம் ஆகிய அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தனர். 1940-இல் சைவ சித்தாந்த மகா சமாசத்தின் வாயிலாக வையாபுரிப் பிள்ளை வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு, பாடல்களைப் புலவர் அடிப்படையில் வகுத்துத் தந்தது. ஒரு புலவர்க்கு உரியன எவை எனப் பிரித்து வைப்பதற்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதை அப்பதிப்பைக் கையாண்டோர் அறிவர். தோட்டப் பட்டியலில் நூறு முத்துச்சாமிகளைக் காண்போனுக்கு வேண்டுவதும் அவ்வெச்சரிக்கையே.

இவற்றை ஓர் ஊரை முன்வைத்து விளக்குதல் தகும். கட்டுரையாளர் அறிந்த ஊர் திருவட்டாறு, அதனையே கொள்வோம். நம்மாழ்வார் பாசுரத்தில் இவ்வூர் வாட்டாறு. புறநானூற்றில் வரும் எழினியாதனின் வாட்டாறும் இதுவே என்பாரும் அன்று என்பாரும் உளர். இன்றைய எழுத்து வழக்கு திருவட்டாறு. மலையாள வழக்கு திருவட்டார். ஆங்கிலத்தில் எழுதுவோர் ஈற்று உகரத்தை இட்டும் விட்டும், முதலெழுத்தில் ஒலிப்புக் குறி சேர்த்தும் சேர்க்காமலும் பலவாறு எழுதியுள்ளனர். மலேயாவில் இருந்து பெயர் கேட்டு எழுதிய கிராணி இவ்வூரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டுவதில்லை. திருவாரூரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பான், ஏனெனில் தோட்டத்தில் தஞ்சைப் பகுதியார் மிகுதி. அறிந்த சொல் அறியாத சொல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் என்பது பாட ஆராய்ச்சியில் தலையாய விதி. எனவே பட்டியலில் திருவாரூர் எனக் கண்டதும் கல்குளத்தான் ஒருவனைத் தேடுவோர் அவ்வரியைக் கடந்து சென்றுவிடலாகாது.

ஆட்சி எல்லையும் இங்குப் பாடவேறுபாடு போலவே நின்று மயக்குகின்றது. 1942-இல் திருவட்டாறு திருவிதாங்கூர் அரசில் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆதலின் அக்காலத்து அரசுக் கோப்புகளைத் தேடுவோர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடாமல் திருவனந்தபுரத்துக்கும் செல்ல வேண்டும். கடல் கடந்த இந்தியரைப் பற்றிய நடுவண் அரசின் கோப்புகள் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில், 1941-இல் அமைந்த அயல்நாட்டு இந்தியர் துறையின் பெயரில் உள்ளன. 1944-இல் அத்துறை காமன்வெல்த் உறவுத் துறை எனப் பெயர் மாறியது. மலேயாவில் 1945-46-இல் நடந்த பிரிட்டிஷ் படைத்துறை ஆட்சியின் கோப்புகளைக் கோலாலம்பூரில் காணலாம். மேலும் மலேயாக் குடிக்கணக்கில் தமிழர், மலையாளி, தெலுங்கர் என்ற பகுப்பு உண்டு. திருவிதாங்கூரான் என்ற ஒரே காரணத்தால் கல்குளத்துத் தமிழன் மலையாளி என எழுதப்பட்டிருத்தலும் இயல்பே.

ஆண்டுக் கணக்கோ மூன்று. சிங்கப்பூர் வீழ்ந்த நாள் வீட்டுக் குறிப்பில் கொல்லம் 1117 மாசி, ஜப்பானியர் மலேயாவில் வழங்கிய ஆண்டு முறையில் அது 2602, நமக்கு 1942. கடைசிக் கடிதம் ‘பதினேழில் வந்தது’ என்று முதியோர் ஒருவர் சொன்னால், அவர் சொல்வது 1917 அன்று, 1117 என்பதைக் கேட்போர் அறிந்திருத்தல் வேண்டும்.

மக்கட்பெயர்க்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக ஒருவரைக் கொள்வோம். சென்னைப் பக்கத்தில் வேலாயுதம் எனப்படுபவர் தென் திருவிதாங்கூரில் வேலாயுதன், வீட்டில் வேலப்பன், தோட்டத்தில் வேலு. அவர் பெயருக்கு முன் உள்ள எழுத்து எதனைக் குறிக்கின்றது என்பது அதனினும் சிக்கல். தந்தை பெயராகலாம்; வீட்டுப் பெயராகலாம்; மருமக்கள் வழியினராயின் காரணவரான அம்மானின் பெயராகலாம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அவ்வுரிமை முறை 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாறத் தொடங்கியதெனினும், 1942-இல் அயல்நாட்டில் இருந்தோர் பழைய முறையில் பெயரிடப்பட்டவரே. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தை நகைச்சுவை நூலாக மட்டும் படிப்போர், அம்முறையின் உறவுப் பின்னல் ஒரு பதிவேட்டில் ஏறினால் என்னாகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தில் அம்மான் பெயர் இருக்கும், சொத்துக் கோரும் மகனுக்கு அது பொருந்தாது, அலுவலர் தள்ளிவிடுவார். இத்தகைய குடும்பத்துக்கு உறுதியான அடையாளம் தாய்வழி வீட்டுப் பெயர். விளை, கோணம், காடு என முடியும் அவ்வீட்டுப் பெயர்கள் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இன்றும் வழங்குகின்றன. தாயின் பெயரைத் தனிக் கட்டமிட்டுக் கேட்ட படிவம் மேலே கூறிய ஜப்பானியர் கைதிச் சீட்டு ஒன்றே என்பது ஒரு விந்தை. கிறித்தவக் குடும்பங்களாயின் பங்குக் கோயில்களிலும் சபைகளிலும் உள்ள திருமுழுக்குப் பதிவேடுகள் பெற்றோர் இருவர் பெயரையும் காட்டும். தேடுவோர் அங்கிருந்து தொடங்குதல் நலம்.

இனி, உரை எனக் கூறிய நாவல்களைக் காண்போம். ப. சிங்காரம் இளமையிலேயே இந்தோனேசிய மேடானுக்குச் சென்று போர்க்காலம் முழுதும் அப்பகுதியில் வாழ்ந்தவர். 1959-இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய அவருடைய இரு நாவல்களையும் திறனாய்வாளர் பலர் போர் வரலாற்றுச் சான்றாக எடுத்தாள்கின்றனர். நாவலாசிரியன் நால்வரை ஒருவராக்கும் உரிமை உடையவன். மூன்று நாள் நிகழ்ச்சியை ஓர் இரவில் அடக்கும் உரிமை உடையவன். பாண்டியனையோ செல்லையாவையோ பட்டியலில் தேடப் புகுந்தவன் ஏமாறுவான். சிங்காரத்தின் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. அவருடைய வணிகர்கள் ‘ஆவன்னா’ என்றும் ‘வானாயீனா’ என்றும் விலாசத்தால் வழங்கப்படுகின்றனர். இது நகைச்சுவைக்காகச் செய்தது என்று சிலர் கருதுவர், அன்று. கடல் கடந்த வட்டிக்கடை உலகில் ஒருவனுக்கு வழங்கிய பெயர் அதுவே. பாட்டன், தந்தை, மகன் என்னும் தொடர்ச்சி அவ்வெழுத்துகளுள் அடங்கியிருந்தது. பர்மாவில் விட்டுவந்த சொத்துக்காக எழுதிய ஆங்கிலக் கோரிக்கையில் அவ்விலாசம் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிவிடும். அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் அங்கே ஓரெழுத்தே. சகர வரிசை முழுமைக்கும் ஓரெழுத்தே. அவ்வெழுத்தைத் திரும்பத் தமிழொலியாக்கி மூதாதையர் பெயராக விரிக்க, சிங்காரம் காட்டும் பெயர் வழக்கை உணர்ந்தவனால்தான் இயலும்.

தோட்டத்துத் தொழிலாளிக்கு விலாசம் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய இரண்டும் அவனைப் பற்றியன. கலைநயத்தில் இவை சிங்காரத்துக்கு நிகராகா என்பது என் கருத்து. துன்பத்தை அடுக்கிக் காட்டுமிடங்களில் நடை தளர்வதும் உண்டு. ஆயினும் நம் பொருளுக்கு இவற்றின் இன்றியமையாமை மிகுதி. ரெங்கசாமி 1930-இல் பிறந்தவர். ஜப்பானிய ஆட்சியை அங்கேயே இருந்து கண்ட தலைமுறையினர். அவ்வுலகில் ஒருவனை அடையாளப்படுத்துவன தோட்டத்தின் பெயரும், அவனை அழைத்துவந்த கங்காணியின் பெயரும், முறைப்பெயருமே. ‘இன்ன தோட்டத்துப் பெரியசாமி’ என்பதுதான் அவன் முழுப்பெயர். இதனை உணர்ந்தவன் தொழிலாளியின் பெயரை முதலில் தேடமாட்டான். தோட்டத்தைத் தேடுவான், பிறகு கங்காணியை, அதன் பிறகே ஆளை. நேர் பெயர் கொண்டு தேடித் தோற்ற குடும்பங்களுக்கு இம்முறை வழிகாட்டக் கூடும்.

வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ இவற்றினின்றும் வேறானது. அது புனைவன்று. 1942-இல் மனைவியுடன் நடந்து வந்தவரின் அனுபவம். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய பத்திரிகையாளரின் கண் அதில் தெரிகின்றது. வழியும் தங்கலும் அதில் புலப்படுகின்றன. ஆனால் அது படித்தவர் ஒருவர் எழுதிய நூல் என்பதை மறத்தலாகாது. பக்கத்தில் நடந்த கூலித் தொழிலாளி எழுதவில்லை. அவனைப் பற்றி அறிய, இதனை வழிகாட்டி நூலாகக் கொள்ளலாம். இவரைக் கொண்டு அவனை அளத்தல் தகாது.

இம்முறைக்கு ஒரு தடையும் எழுப்பலாம்: இவ்வாறு வேலன் பேரனாகவும், திருவட்டாறு திருவாரூராகவும் ஆகலாம் என்றால், எப்பெயரையும் எவரோடும் பொருத்திவிடலாமே எனின், தடை வலியதே. சொல்லாராய்ச்சியில் ஒலியொற்றுமை ஒன்றே கொண்டு முடிபு கூறியோர் பட்ட இழுக்கை நாம் அறிவோம். இங்கோ பிழையின் விளைவு நூலளவில் நிற்பதன்று. தவறான பொருத்தத்தை நம்பிய குடும்பம், வேறொருவன் இறந்த நாளில் தம்மவனுக்குக் கருமாதி செய்து தேடலை நிறுத்திவிடும். அவ்வரிக்கு உரிய மற்றொரு குடும்பமும் அவனை இழக்கும். எனவே பெயரின் வடிவம் எத்துணை ஒத்தாலும், அதற்குப் புறம்பான இரண்டு அடையாளங்களேனும் — தோட்டமும் கங்காணியும், அல்லது வீட்டுப் பெயரும் தாயின் பெயரும், அல்லது கப்பலேறிய ஆண்டும் உடன் சென்றோரும் — ஒத்தாலன்றித் துணிதல் ஆகாது. ஒவ்வாதபோது ‘ஐயம்’ என்றே எழுதி வைத்தல் வேண்டும். ஐயப்பாடு எனக் குறியிட்டு விட்ட இடங்களே பிற்காலப் பதிப்பாசிரியர்க்கு வழி திறந்தன என்பதற்கு உ. வே. சாமிநாதையர் பதிப்புகளின் அடிக்குறிப்புகளே போதிய சான்று.

2023-இல் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் எழுந்தது. அவ்வூரில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் தனித்தனிக் கல்லறையில் துயில்கின்றனர். நடுகல் என்னும் பெயர் பொருத்தமானது; ஆயினும் தொல்காப்பியம் வகுத்த மரபிலும் சங்கப் பாடல்களிலும் நாம் காணும் நடுகல் தனி ஒருவனுடைய பெயரைத் தாங்குவது. அப்பெயர்களைத் திரட்டும் பணி எஞ்சியுள்ளது. அதற்கு ஏட்டறிவு மட்டும் போதாது. ‘வேலு என்றால் எங்கள் வேலப்பன்’ என்று சொல்லக் கூடியவர் வேண்டும். 1942-இல் பத்து வயதினராய் இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். ஆவணங்கள் காப்பகத்தில் இன்னும் சில காலம் இருக்கும். அவற்றைப் படிக்கும் திறவுகோல் அவ்வளவு காலம் இராது. ஆகவே ஆவணத்துக்குச் செல்வதற்கு முன் வீடுகளுக்குச் செல்லுதல் முறை. முதுகலை மாணவர் தத்தம் ஊரில் அயல்நாடு சென்று மீளாதோரின் வீட்டுப் பெயர், அழைப்புப் பெயர், தாய் பெயர், கடைசிக் கடிதத்தின் ஆண்டு ஆகியவற்றைக் கேட்டவாறே எழுதி வருதல் வேண்டும். கொல்லம் ஆண்டு சொன்னால் கொல்லம் ஆண்டே எழுதுக. மாற்றிய ஆண்டைப் பக்கத்தில் தனியே குறிக்க.

பட்டியல்களை அச்சிடுவோர்க்கும் ஒன்று கூறல் வேண்டும். அண்மையில் இத்தகைய பெயர்களைத் தமிழில் வெளியிடுவோர் ஆங்கிலச் சிதைவுகளைத் தம் மனம்போலத் திருத்தி, அழகிய தமிழ்ப் பெயர்களாக்கித் தருகின்றனர். இது பெரும் பிழை. மூலத்தில் உள்ள எழுத்துவடிவம் உள்ளவாறே முதலில் நிற்க வேண்டும்; திருத்தம் அடைப்பினுள், திருத்தியவர் பெயருடன் வர வேண்டும். திருவாரூர் என்று எழுதப்பட்டிருந்தால் திருவாரூர் என்றே அச்சிடுக. திருவட்டாறு ஆகலாம் என்பது அடிக்குறிப்பிற்கு உரியது.